கோடு மடங்கும் இடம்

ஸ்வோல,
22 ஜனவரி 1963

அடியே ஹிஸ்கே,

உன் பிள்ளைக்கு என் முத்தம். ஆண் பிள்ளை பிறந்ததற்கு நீ அனுப்பிய நீலச் சோம்பு மிட்டாய் டப்பா நேற்றுதான் கைக்கு வந்தது. அளவைக் கூடத்தில் ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, மிட்டாய் தூவி, யெல்மர் என்ற பெயரை ஆளாளுக்கு ஒரு தினுசாக உச்சரித்துத் தின்று தீர்த்தோம். நம் தலைவர் டெர்வொக்ட் மூன்று தின்றார். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டே, "அளக்கத் தெரிஞ்ச ஒரே பொண்ணும் தொட்டில் ஆட்டப் போயிட்டா. மிட்டாயாவது மிச்சம்" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய புகழ்ச்சி வராது, வைத்துக்கொள். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அதுவும் இல்லை.

பிள்ளை உண்டானவள் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும் என்ற அந்த அருமையான வழக்கத்தால் உன் நாற்காலி எனக்கு வந்ததல்லவா, அதன் நான்காவது கால் இன்னும் ஆடுகிறது. நீ எப்படித்தான் இதில் உட்கார்ந்து மயிரிழையை அளந்தாயோ.

சேதிக்கு வருகிறேன். பிப்ரவரி எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடப் போகிறேன். நான்! கடலடித் தொலைபேசிக் கம்பிக்கான பெருக்கிப் பெட்டிகள் தயாராகிவிட்டன. வால்வுகள் எல்லாம் உள்ளே ஏறிவிட்டன. வால்வுக்குள் தணலாய் எரியும் கேத்தோடுக் குழலின் நீட்சி சரி என்று நான் எழுதிக் கொடுத்தால், மூடியைப் பற்றவைத்துக் கப்பலுக்கு ஏற்றிவிடுவார்கள். எந்தக் கப்பல் தெரியுமா? உன் வீட்டுக்காரர் டௌவெ வேலை பார்க்கும் கப்பலேதான். ஆக, நான் கையெழுத்துப் போடுவதை உன் புருஷன் கடலில் இறக்குவார். நீ தீவில் உட்கார்ந்து தொட்டில் ஆட்டு. பெரிய குடும்பம்தான்.

நடுவில் ஒரு பயமும் வந்து போனது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் உருக்காலையிலிருந்து, குழல் செய்யும் அதே உருக்கில் வார்த்த புதுக் கம்பிகள் அளந்து பார்க்க வந்தன, அதே நிக்கல், அதே நூற்றுக்கு நாலு பங்கு டங்ஸ்டன். நீட்சிமானியில் வைத்துச் சூடேற்றினால், அது தாளில் வரையும் கோடு மடங்க வேண்டிய இடத்தில் மடங்கவில்லை. எழுபது டிகிரி மேலே தள்ளிப் போய் மடங்கியது. அப்புறம் உன் பழைய பாட்டு ஞாபகம் வந்தது: "மானி பொய் சொல்லும், மடக்கு பொய் சொல்லாது." சூடு காட்டும் தெர்மோகப்பிளை வெளியே இழுத்துப் பார்த்தேன். இழுத்த இழுப்பில் நுனி மணியே ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அவ்வளவு கிழடு. ஆகவே எல்லா எண்ணிலும் எழுபதைக் கழித்து, மடக்கை அதன் இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். நீட்சி கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் எல்லைக்குள் இருக்கிறது. புதுத் தெர்மோகப்பிள் பனியில் எங்கோ ரயிலில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கோட்டை மெல்லிய தாளில் நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மாணவியின் கைவேலையைச் சுவரில் மாட்டி மகிழ்ந்துகொள்.

உன்,
ரூலீன்

(கால்வாய் முழுக்க உறைந்துவிட்டது. வேலைக்குச் சறுக்கிக்கொண்டே போகிறேன். நேற்று பாலத்துக்கு அடியில் விழுந்தேன். பார்த்தவர்கள் ஐந்து பேர், சிரித்தவர்கள் ஆறு பேர்.)


ஹோலும், அமெலாந்து தீவு,
27 ஜனவரி 1963

அன்பு ரூலீன்,

படகு நின்று நாளாகிறது. தீவைச் சுற்றிக் கடலே கட்டியாகக் கிடக்கிறது. காற்று அடங்கும் நாளில் சின்ன விமானம் வந்து தபால் பையைப் போட்டுவிட்டுப் போகும். உன் கடிதம் அப்படித்தான் வந்தது. யெல்மருக்கு இருமல். பெரிதாக ஒன்றுமில்லை என்று மாமியார் சொல்கிறார். எனக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அவன் நிம்மதியாகத் தூங்குகிறான், நான்தான் தூங்குவதில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் கோர்வை இல்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கையெழுத்து விஷயம் படித்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப் போவதைப் படித்தால் நீ இதை நம்ப மாட்டாய்.

ரூலீன், உன் கோட்டைப் பார்த்தேன். சுவரில் மாட்டவில்லை. மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நீ கூடத்தில் அளக்கத் தொடங்கியபோது அறைச் சூடு பதினெட்டு இருந்திருக்கும். அதில் எழுபதைக் கழித்தால் உன் கோடு பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டில் தொடங்குகிறது. இந்தக் குளிர்காலம் எத்தனை கொடுமையானாலும் டெர்வொக்ட்டின் கூடத்தில் அவ்வளவு குளிர் இருக்காதடி. தாளின் அந்த ஓரத்தை நீ வெட்டிவிட்டாய். நாம் எப்போதுமே தொடக்கத்தைத் தள்ளிவிட்டுத்தான் படிப்போம், உன்மேல் குற்றமில்லை.

ஆனால் நினைத்துப் பார். எதுவும் கலக்காத நிக்கல் முந்நூற்று ஐம்பத்தைந்தை ஒட்டி மடங்கும். அங்கேதான் அது காந்தத்தை மறக்கிறது, அந்தச் சூட்டுக்கு மேல் எந்தக் காந்தமும் அதை இழுக்காது. டங்ஸ்டன் கலக்கக் கலக்க அந்த இடம் கீழே இறங்கும். நம்முடைய நாலு பங்குக் கலவை இருநூற்றெண்பத்தைந்து வாக்கில் மடங்கும். நீ எழுபதைக் கழிப்பதற்கு முன்னால் மடக்கு எங்கே இருந்தது? வெறும் நிக்கல் மடங்குகிற இடத்தில்.

தெர்மோகப்பிள் கிழடாக இருந்திருக்கலாம். மானி பொய் சொல்லியிருக்கலாம். அல்லது மானி உண்மை சொல்லி, கம்பியில் டங்ஸ்டனே இல்லாமல் இருக்கலாம். ஒரே கோட்டுக்கு இரண்டு கதையும் பொருந்துகிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

டங்ஸ்டன் இல்லாத குழல் செந்தணலில் எத்தனை காலம் நிமிர்ந்து நிற்கும்? சுற்றியிருக்கும் கிரிட் வலைக்கும் அதற்கும் நடுவே ஒரு முடி நுழையாது. மேலும் நீண்டு, கொஞ்சம் தொய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். இருபது வருஷம் யார் கையும் படாமல் கடலடியில் எரிய வேண்டிய வால்வு. மூடியைப் பற்றவைத்துவிட்டால் திறந்து பார்க்க யாராலும் முடியாது.

சோதிக்க நீட்சிமானி தேவையில்லை. கீழே கம்பி இணைக்கும் பட்டறையில் ஈயச் சட்டி இருக்கிறது. ஈயம் உருகும் சூடு முந்நூற்று இருபத்தேழு, நம் இரண்டு மடக்குக்கும் நடுவில். பாதி உருகி பாதி கட்டியாக இருக்கும்போது அந்தச் சூடு நகரவே நகராது, மானியும் தேவையில்லை. கம்பியைப் போடு. நிக்கல் ஈயத்தில் மிதக்கும். மேலே காந்தத்தைப் பிடி. கம்பி வரவில்லை என்றால் அது நம் கலவைதான், நான் பயந்தாங்கொள்ளி, ஊரெல்லாம் சொல்லிச் சிரி. வந்தால், அது வெறும் நிக்கல்.

எட்டாம் தேதிக்கு முன்னால் செய்துவிடு. கோபப்படாதே. யெல்மர் எழுந்துவிட்டான்.

உன்,
ஹிஸ்கே


ஸ்வோல,
1 பிப்ரவரி 1963

திருமதி ஹிஸ்கே அவர்களுக்கு,

கோபப்படாதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? தீவில் அப்படித்தானா?

நான் தாளின் ஓரத்தை வெட்டியதைக் கண்டுபிடித்துவிட்டாய். சபாஷ். தெர்மோகப்பிள் குளிரில் ஒழுங்காகக் காட்டும், சூட்டில் போகப் போகத் தடம் புரளும் என்பது உனக்குத் தெரியாதா? எழுபது டிகிரி தொடக்கத்திலேயே இருந்தது என்று யார் சொன்னது? ஓரத்தை வெட்டியது அதற்காகத்தான். "மடக்கை நம்பு" என்று எனக்கு மூன்று வருஷம் ஓதியவள் நீ. நம்பினேன். இப்போது நம்பியது தப்பு என்கிறாய். நாளைக்கு வேறு என்ன சொல்வாய்?

கீழே பட்டறைக்கு நான் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கும் தெரியுமா? "என்னம்மா, ஈயத்துல முட்டை வேக வைக்கப் போறியா?" என்று தொடங்குவார்கள். மதியத்துக்குள் கூடம் முழுக்கப் பரவும். டெர்வொக்ட் கூப்பிட்டு, "பொண்ணுங்க கையில கொடுத்தா இதான். ஒருத்தி பிள்ளை பெத்துக்கப் போயிடுறா, இன்னொருத்தி பயந்து சாகுறா" என்பார். இதை அவர் என் முகத்துக்கு நேரே சொன்னதே உண்டு, நீ போன மறுவாரம். கையெழுத்துக் கட்டத்தில் என் பெயர் வர நான் என்னென்ன விழுங்கினேன் என்று உனக்குத் தெரியாது. நீ இருந்தவரை உன் பெயர்தான் அதில் இருந்தது. அதனால் தெரிந்துகொள்ளத் தேவைப்படவில்லை.

இன்னொன்று. கம்பி கெட்டால் வடகடலில் கொக்கி போட்டுத் தேடுகிறவர் உன் புருஷன். உனக்குப் பயம் கம்பியைப் பற்றியா, அவரைப் பற்றியா? எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை என் கோட்டின் தலையில் கட்டாதே.

இத்துடன் நான் அளந்த அதே கம்பித் துண்டு இருக்கிறது. துண்டுகளை அடுக்கும் தட்டில் அதன் குழி காலியாக இருக்கிறது. யாராவது கேட்டால் கீழே விழுந்து உருண்டுவிட்டது என்பேன். உங்கள் தீவில் மீன்வலைக்குக் குண்டு வார்க்க ஈயம் இல்லாத வீடா இருக்கிறது? நீயே போட்டுப் பார்த்துக்கொள். பழைய கலவைத் துண்டும் உன்னிடம் இருக்கிறதே, நீ போகும்போது வழக்கப்படி நீல ரிப்பன் கட்டி நாங்கள் கொடுத்தோமே, உன் முதல் அளவைத் துண்டு. அதையும் பக்கத்தில் போட்டுப் பார். உனக்குச் சமாதானம் ஆகட்டும்.

ஒன்று மட்டும். டெர்வொக்ட்டுக்கு நீ ஒரு வரி எழுதினாய் என்றால், ஒரு வார்த்தை போனில் சொன்னாய் என்றால், அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுதாதே.

ரூலீன்


ஹோலும்,
6 பிப்ரவரி 1963, புதன்

ரூலீன்,

போட்டுப் பார்த்தேன்.

உன் கம்பி காந்தத்துக்கு வந்தது.

வராமல் இருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ ஒவ்வொன்றாகக் கேட்பாய். ஈயப் புகைக்குப் பயந்து யெல்மரை அடுத்த வீட்டில் விட்டேன். விட்ட பிறகு இரண்டு முறை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். சன்னல்கள் எல்லாம் திறந்து, கம்பளிக் கோட்டோடு அடுப்பு முன்னால் நின்றேன். இரும்புச் சட்டி ஒன்றுதான் கிடைத்தது. மாமியார் பின்கதவு வழியாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடிப் பாவி, அது பான்கேக் சட்டியாச்சே!"

"கழுவித் தந்துடறேன் அத்தை."

"ஈயத்தக் கழுவுவியா? டௌவெ வரட்டும். அவன் பொண்டாட்டி குண்டு வறுத்துப் போட்டான்னு சொல்றேன். சன்னலைச் சாத்து, நடுங்குது."

"சாத்தாதீங்க. விஷப் புகை."

"விஷத்தையா என் சட்டியில வச்சிருக்க?"

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. வாசல்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

சட்டியில் பாதி ஈயம் உருகி மினுங்கியது. நடுவே ஒரு கட்டி தீவு மாதிரி நின்றது. அது கரையாதவரை சூடு அதே இடத்தில்தான் என்று உனக்குத் தெரியும். கட்டி கரைந்து சிறுத்தால் இன்னொரு குண்டை எடுத்துப் போட்டேன். முதலில் என் ரிப்பன் துண்டு. மிதந்தது. உள்ளும் சூடேறட்டும் என்று பொறுத்திருந்து, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைச் செப்புக் கம்பியில் கட்டி மேலே பிடித்தேன். அசையவில்லை. காந்தத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். ஈயத்தின் மேல்தோல் சுருங்கியதே ஒழியத் துண்டு நகரவில்லை.

பிறகு உன்னுடையது. அதே பொறுமை, அதே காந்தம், அதே உயரம். ரூலீன், அது தாய் வாத்துக்குப் பின்னால் போகிற குஞ்சு மாதிரி வந்தது. நான் போன பக்கமெல்லாம் வந்தது. துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். சட்டியைத் துடைத்து மறுபடியும் தொடங்கினேன். மாமியாரே, "இது வருது, அது வரலை. இன்னும் எத்தன தடவடி பாப்ப?" என்றார்.

ஆகவே மானி பொய் சொல்லவில்லை. அது கிழடாக இருந்தாலும் உண்மையைத்தான் சொன்னது. மடக்கும் பொய் சொல்லவில்லை. மடக்கு எங்கே இருக்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்ததுதான் தப்பு. உன் கையில் இருப்பது டங்ஸ்டன் இல்லாத கம்பி, அல்லது இருந்தும் இல்லாத மாதிரியான கம்பி. அந்த வால்வுகள் கடலுக்குள் போகக் கூடாது.

இனி எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

இன்று மதியம் அஞ்சலகத்துக்குப் போய்த் தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். உன்னைக் கேட்டேன். பணி நேரத்தில் சொந்த அழைப்பு கிடையாது என்று சொல்லி, என்னைக் கேட்காமலே டெர்வொக்ட் அறைக்கு இணைத்துவிட்டாள் அங்கே இணைப்புக் கொடுக்கும் பெண். "டெர்வொக்ட்" என்றது அந்தக் குரல். காதில் அடித்தது மாதிரி இருந்தது. நான் வைத்துவிட்டேன்.

"என்ன, பேச ஆள் இல்லையா?" என்றார் அஞ்சலக அம்மாள்.

"தப்பான நம்பர்" என்றேன்.

"தப்பான நம்பருக்கா இப்படி வேர்க்குது?" என்றார். இந்நேரம் அதை ஊர் முழுக்கப் பரப்பியிருப்பார்.

உனக்காக வைத்தேன். வைத்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டது உண்மைதான், எனக்கு டௌவெயைப் பற்றியும் பயம் உண்டு. குளிர்காலக் கடலில் அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவர் சொன்னதே இல்லை. சொல்லாததால்தான் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கப்பலில் இல்லாமல் காய்கறிக் கடை வைத்திருந்தாலும் அந்தத் துண்டு காந்தத்துக்கு வந்திருக்கும்.

ரொட்டிக் கடைக்காரர் நாளைக் காலை பனிக்கட்டிமேல் கார் ஓட்டிக்கொண்டு கரைக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். வெள்ளி காலைக்குள் உன்னிடம் வந்தால் நீயே டெர்வொக்ட்டிடம் போ. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். நீ கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இது வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் மறுபடியும் அஞ்சலகத்தின் போன் கூண்டில் நிற்பேன். இந்த முறை வைக்க மாட்டேன். அதன் பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தால், அதை நான் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஹிஸ்கே


ஸ்வோல,
10 பிப்ரவரி 1963, ஞாயிறு

ஹிஸ்கே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை வரவில்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டு மீதியைப் படி.

துண்டை உனக்கு அனுப்பிய நாளிலிருந்து தட்டில் அந்தக் குழி காலியாக இருந்தது. மற்றக் குழிகளில் எல்லாம் கம்பி, அதில் மட்டும் இல்லை. நான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும். வேறொரு துண்டை எடுத்து அதில் வைத்தேன். அப்போது இன்னொரு குழி காலியானது. பல் விழுந்த இடத்தை நாக்கு விடுமா? அப்படி ஒரு வாரம் போனது.

வெள்ளி காலை டெர்வொக்ட் அறையில் தாள் மேசைமேல் இருந்தது. அவசரம் அவசரம் என்று வியாழன் மாலையே ஒரு பெட்டிக்கு மூடியைப் பற்றவைத்துவிட்டார்கள். கையெழுத்து வரப் போகிறதுதானே என்று. நான் பேனாவைத் திறந்தேன். திறந்து வைத்துக்கொண்டே நின்றேன்.

"என்ன ரூலீன், மை இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப பேர் மறந்துபோச்சா? வேணும்னா சொல்லித் தரட்டுமா?"

எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது: "சார், எனக்கு ஈயச் சட்டி வேணும்."

"எதுக்கு? சூப் வைக்கவா?"

சொன்னேன். நீ எழுதியதை அப்படியே சொன்னேன், இரண்டு மடக்கு, நடுவில் ஈயம், மேலே காந்தம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். பட்டறையில் நான் பயந்தது அப்படியே நடந்தது. "வாம்மா, முட்டை கொண்டாந்தியா?" என்றான் ஒருவன். டெர்வொக்ட் பின்னால் வருவதை அவன் பார்க்கவில்லை. பார்த்த பிறகு அவன் முகம் போன போக்கு, அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த லாபம்.

துண்டு வந்தது. உனக்கு வந்த மாதிரியேதான் எனக்கும். டெர்வொக்ட் காந்தத்தை என்னிடமிருந்து வாங்கி, அவரே ஒரு தரம், இன்னொரு துண்டைப் போட்டு இன்னொரு தரம்.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். நீயும் அதைத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் உன் கடிதம் அப்போது என்னிடம் இல்லை, ஆகவே எனக்கு அனுமதி கொடுக்க யாருமில்லை.

"ஹிஸ்கேக்குத் தெரியும். அவதான் முதல்ல சொன்னா. எனக்குப் போன வாரமே தெரியும். நான்தான் செஞ்சு பாக்கலை" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மூடியை அறுக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பற்றவைத்த மூடியை ரம்பம் போட்டு அறுக்கும் சத்தம் கேட்டிருக்கிறாயா? கூடம் வரைக்கும் வந்தது. நான் உன் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் கேட்டேன்.

கையெழுத்துக் கட்டம் இனி அவருடையது. கோடைவரை நான் துண்டுகளை வெட்டலாம், கழுவலாம், அளக்கலாம், கையெழுத்து மட்டும் போடக் கூடாது. உருக்காலையும் நம் சரக்கு அறையும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வால்வுகள் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. கப்பல் வெறுமனே துறைமுகத்தில் நிற்கிறது, அதனால் உன் டௌவெ பனி உடைந்ததும் வீட்டுக்கு வருவார். நேற்று சரக்கு வாங்கும் மேசையில் ஒரு ஈயச் சட்டியும் காந்தமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எந்தக் கம்பி வந்தாலும் இனி அதில் மிதந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பட்டறைப் பையன்கள் அதற்கு "ரூலீன் சட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேலிக்குத்தான். இருந்தாலும் பெயர் என்னுடையது.

இப்போது ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வேன் என்று எழுதியிருக்கிறாய். பத்து மணிக்கு நான் அவர் அறையில்தான் இருந்தேன், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. போன் அடிக்கவில்லை.

நீ செய்தாயா, இல்லையா?

செய்யவில்லை என்றால், எனக்காக இத்தனை பெரிய விஷயத்தை விட்டுக்கொடுத்தாய் என்று ஆகும், அதை என்னால் தாங்க முடியாது. செய்தாய் என்றால், நான் வேண்டாம் என்று சொல்லியும் செய்தாய் என்று ஆகும். இரண்டிலும் எனக்குக் கோபம்தான் வரும். இருந்தாலும் சொல். பூசி மெழுகாமல் சொல்.

ரூலீன்


ஹோலும்,
4 மார்ச் 1963

அன்பு ரூலீன்,

செய்தேன்.

பத்துக்குக் கொஞ்சம் முன்பே போனேன். யெல்மரைத் தள்ளுவண்டியில் வைத்து அஞ்சலக வாசலில் கண்பார்வையில் நிறுத்திவிட்டு, கூண்டுக்குள் நின்று என் முழுப் பெயரையும் சொல்லி, டெர்வொக்ட் அறைக்கே இணைப்புக் கேட்டேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உன் பெயர் அதில் இருந்தது. அதை எப்படி எப்படியோ மாற்றிப் பார்த்தேன், உன் பெயர் இல்லாமல் அந்த வாக்கியத்தை அமைக்க முடியவில்லை.

அஞ்சலக அம்மாள் செருகியைக் குத்தினார், எடுத்தார், குத்தினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "லைன் செத்துப் போச்சும்மா. ராத்திரி பனிக்கட்டி நெருக்கி அடியில கம்பிய அறுத்துருச்சு போல."

"இன்னொரு தடவ பாருங்க."

"பாத்தா மட்டும் உசிர் வந்துருமா?"

"பாருங்க. தயவுசெஞ்சு."

பார்த்தார். இன்னும் ஒரு முறை, அதற்கும் மேல் ஒரு முறை. காதில் வைத்தால் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. சுவரைக் காதில் வைத்த மாதிரி. வெளியே யெல்மர் அழத் தொடங்கினான். நான் ரிசீவரை வைக்கவில்லை. அந்தப் பக்கம் நீ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றே நினைத்தேன். கடலடியில் ஒரு கம்பி செத்தால் இந்த முனையில் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அந்தக் கூண்டில் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதம் வரும்வரை நான் டௌவெக்கு எழுதவில்லை. என்ன எழுதுவது? விமானம் பையைப் போட்டதும் மாமியாரே ஓடிப் போய் உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். "படிச்சுச் சொல்லு, அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாளா இல்லையா" என்றார். ரம்பத்துப் பகுதியை இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னார்.

ஆகவே இதுதான் பதில். அந்தப் பனிக்கட்டி அறுக்காமல் இருந்திருந்தால், நீயாக வாய் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். ஆனால் நான் சொல்லிக் கெடுப்பதற்கு முன்னால் நீயே சொன்னாய். என்னால் கெடுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான், அதற்காக அந்தப் பனிக்கட்டிக்கு நான் நன்றி சொல்கிறேன்.

நேற்றிலிருந்து கட்டி உடைகிறது. இரவெல்லாம் வண்டி கவிழ்கிற மாதிரிச் சத்தம். யெல்மருக்கு இருமல் போய்விட்டது, இப்போது சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறான். இந்த வாரம் படகு விடுவார்கள் என்கிறார்கள். டௌவெ வருகிறார். நீயும் வா. ஈஸ்டருக்கு வா. கையெழுத்துப் போட வேண்டிய வேலை எதுவும் இல்லையே உனக்கு.

உன் துண்டைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள். சன்னல் மேட்டில் இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். என்னுடையதிலிருந்து ரிப்பனை அவிழ்த்துவிட்டேன். ஒரே நீளம், ஒரே கனம், ஈயம் பட்டு ஒரே சாம்பல் நிறம். எது யாருடையது என்று இப்போது எனக்கே தெரியாது.

மாமியார் புதுச் சட்டி வாங்கிவிட்டார். பழையதில் யாரும் இனி பான்கேக் சுட மாட்டார்கள். ஈயம் இருக்கிறது, காந்தம் இருக்கிறது. நீயே போட்டுப் பார்த்து, உன்னுடையதை எடுத்துக்கொள்.

உன்,
ஹிஸ்கே